சேலத்தில் தொழிலாளர் பக்கம் நின்று வழக்கு நடத்த

வேலை போனவர் எதிரில் வந்து உட்கார்ந்ததும் முதலில் அவரை முழுக்கப் பேச விடுங்கள். பிறகு மூன்று தேதிகளைக் கேட்டு எழுதுங்கள்: வேலைக்குச் சேர்ந்த நாள், கடைசிச் சம்பளம் வாங்கிய நாள், 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று சொல்லப்பட்ட நாள். குறுக்கு விசாரணைத் திறமையெல்லாம் பிறகுதான். வழக்கு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் இந்த முதல் சந்திப்பில் எடுத்த குறிப்பில்தான்.

1947 தொழில் தகராறுகள் சட்டத்தின்படி, சமரச அலுவலரிடம் (இரு தரப்பையும் பேசித் தீர்க்க முயலும் அரசு அலுவலர்) மனு கொடுத்து 45 நாள் கழிந்ததும் நேராகத் தொழிலாளர் நீதிமன்றம் போக முடிந்தது. பணிநீக்கத்திலிருந்து 3 ஆண்டு அவகாசம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதற்குப் பதிலாகத் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. 2 ஆண்டு கடந்த தகராறைச் சமரச அலுவலர் கையிலெடுக்க அது இடம் தரவில்லை. ஆகவே எந்தத் தேதியில் நடந்த நீக்கமானாலும் 2 ஆண்டுக்குள் மனுவைப் போட்டுவிடுங்கள். தேதியைக் கோட்டைவிட்டால் நல்ல வழக்கும் பாழ்.

எங்கே போடுவது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். நூற்பாலை, சேகோ ஆலை, ஏற்காடு எஸ்டேட் என்றால் மாநிலத் தொழிலாளர் துறை. மேக்னசைட் சுரங்கம், ரயில்வே என்றால் மத்திய அரசின் தொழிலாளர் அலுவலர். இடம் மாறினால் மாதக்கணக்கில் அலைந்து திரும்ப வேண்டியிருக்கும்.

சமரசப் பேச்சில் வழக்கறிஞர் முன்னிலையாக முடியாது. மனுவை நீங்கள் எழுதிக் கொடுங்கள். சங்க நிர்வாகி ஒருவர் தொழிலாளியோடு போகட்டும். என்ன கேட்பார்கள், எதற்கு ஒப்புக்கொள்ளக் கூடாது, படித்துப் பார்க்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லி அனுப்புங்கள். நீதிமன்றத்திலும் எதிர்த்தரப்பின் சம்மதமும் நீதிமன்ற அனுமதியும் இருந்தால்தான் நீங்கள் வாதாடலாம். நிர்வாகத்துக்கு வக்கீல் வந்திருந்து உங்களுக்கு மட்டும் ஆட்சேபம் எழுந்தால், அவர் வக்காலத்தையே சுட்டிக்காட்டி வாதிடுங்கள்.

இனி 240 நாள். நீக்கத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்ததைக் காட்டும் பொறுப்பு தொழிலாளியுடையது. அதைக் காட்டிவிட்டால், ஆட்குறைப்புக்கு ஒரு மாத முன்னறிவிப்பும், முடிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் தந்திருக்க வேண்டும். சம்பளத்தோடு கூடிய வார விடுமுறையும் பண்டிகை விடுமுறையும் இந்தக் கணக்கில் சேரும். இதை விட்டுவிட்டுக் கூட்டி, 210 நாள்தான் என்று கைவிடப்படும் வழக்குகள் உண்டு. வருத்தமான தவறு அது.

ஆதாரம் எங்கிருந்து? பி.எஃப். பாஸ்புக், இ.எஸ்.ஐ. பதிவு, வங்கிக் கணக்கில் விழுந்த சம்பளம், மேற்பார்வையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி. செல்பேசிப் பதிவைத் தாக்கல் செய்யும்போது 2023 சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழையும் இணைத்துவிடுங்கள். எஸ்டேட் தொழிலாளிக்குச் செக்ரோல் எனப்படும் வருகைப் பதிவேடுதான் உயிர். அது நிர்வாகத்திடம் இருக்கும் என்பதால், அதை வரவழைக்கத் தனி மனு போடுங்கள். கொண்டுவராவிட்டால் அதையே அவர்களுக்கு எதிராக வாதிடலாம். காபிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு மட்டும் வந்தவரா, களையெடுப்பு, கவாத்து, மிளகு பறிப்பு என்று ஆண்டு முழுக்க இருந்தவரா என்பதை மாதவாரியாகக் கேளுங்கள். பருவக் கூலி என்ற வாதம் கட்டாயம் வரும்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் துண்டுக் கூலிக்கு உழைப்பவரிடம் பெரும்பாலும் ஒரு தாளும் இருக்காது. கூலிக் கணக்கு எழுதிய சிட்டை, கூட வேலை செய்தவரின் சாட்சியம் ஆகியவற்றை அன்றே திரட்டுங்கள். ஆறு மாதம் போனால் அந்தச் சாட்சி அதே முதலாளியிடம் பிழைப்புக்காக வாய் மூடிவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி ராஜினாமா ஆக்கியிருந்தால், தெரிந்த அன்றே மறுப்புக் கடிதத்தை ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். தாமதமான மறுப்பை நம்ப வைப்பது கடினம்.

மனுவில் பணித்தொடர்ச்சியும் பின்சம்பளமும் (வேலையில்லாமல் இருந்த காலத்துக்கான சம்பளம்) கேட்கும்போது, நீக்கத்துக்குப் பின் வேறு வேலையில் இல்லை என்பதைத் தெளிவாக எழுதுங்கள். அந்த வரி இல்லாததால் பின்சம்பளத்தை இழந்தவர்கள் உண்டு. இடையில் நூறுநாள் வேலைக்குப் போயிருந்தால் அதை மறைக்காதீர்கள்.

கட்டணம்: கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவது பார் கவுன்சில் விதிக்கு விரோதம். ஆலைத் தொழிலாளி, பெண், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் வருமானம் பாராமல் இலவச உதவி தருகிறது. மாவட்ட ஆணைக்குழுவின் வழக்கறிஞர் பட்டியலில் பெயர் சேர்த்துக்கொள்ளுங்கள். தொடக்க ஆண்டுகளில் வழக்குகள் அங்கிருந்தும் வரும்.

ஏற்காட்டிலிருந்து ஒரு வாய்தாவுக்கு இறங்கி வந்தால் ஒரு நாள் கூலி போகிறது. சாட்சியம் சொல்லும் நாளைத் தவிர மற்ற நாள்களில் அவரை வரவழைக்காதீர்கள். அடுத்த தேதியை மாலைக்குள் போனில் சொல்லிவிடுங்கள்.