தனியுரிமைச் சட்டத்தை ஒப்பந்தத்தில் வரையறுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக ஒப்பந்தம் எழுதுபவர்களின் டிராஃப்ட்டில் "தரவுப் பாதுகாப்புச் சட்டம்" என்ற வரையறையைப் படித்தால், நாங்கள் ஆரம்பத்தில் செய்த பிழைகளே வரி பிசகாமல் திரும்ப வருகின்றன. ஆண்டு தவறுவது, பிரிவு எண் மாறுவது எல்லாம் சரிபார்க்கும்போதே அகப்பட்டுவிடும். அவற்றை இங்கே எடுக்கவில்லை.

"திருத்தப்பட்டவாறு" என்பதோடு நிறுத்துவது

இன்றும் எரிச்சலூட்டும் தவறு இது. பழைய மாதிரிப் படிவங்களில் இப்படி இருக்கும்: "2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 43ஏ, அதன்கீழ் 2011இல் வந்த விதிகள், அவ்வப்போது திருத்தப்பட்டவாறு."

கடைசிச் சொல் காப்பாற்றும் என்று நம்புகிறார்கள். அது அதே சட்டத்துக்குள் நடக்கும் மாற்றத்தை மட்டுமே பிடிக்கும். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ தனிச் சட்டம். அதன் பிரிவு 44(2), 43ஏவை நீக்குகிறது. 2025 நவம்பர் அறிவிக்கையின்படி, அந்த நீக்கம் 18 மாதம் கழித்து, 2027 மே மாதம் அமலாகும். அப்போது இந்த வரையறைக்குள் நீக்கம் வந்துவிடும், புதிய சட்டம் வராது.

சம்பளப் பட்டியல் போட்டுத்தரும் நிறுவனத்தோடு 2024இல் ஐந்தாண்டு ஒப்பந்தம் என்று வையுங்கள். 2028இல் ஊழியர்களின் வங்கி விவரம் கசிகிறது. புதிய சட்டப்படி, பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். அதன் பிரிவு 8(1)படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் வேலை கொடுத்த உங்கள் கட்சிக்காரர்தான். நஷ்டத்தை அந்த நிறுவனத்திடம் கேட்கலாமென்று இழப்பீட்டு ஷரத்தைப் புரட்டினால், "தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால்" என்றிருக்கும். எந்தச் சட்டத்தை என்று எதிர்த்தரப்பு கேட்கும்.

நீக்கப்பட்ட சட்டத்தைச் சுட்டும் இடத்தில் புதியதைப் படித்துக்கொள்ளச் சொல்லும் 1897இன் பொது ஷரத்துகள் சட்டம், பிரிவு 8 கைகொடுக்கும் என்பவர்கள் உண்டு. நீக்கி மறுபடி இயற்றிய சட்டத்துக்குத்தான் அது பொருந்தும். 43ஏ பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தந்தது. புதிய சட்டத்தில் அது இல்லை. மறு இயற்றல் என்று நிரூபிப்பதற்குள் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

வரையறையை இந்த வரிசையில் கட்டுங்கள். முதலில் பொதுச் சொல்: இந்த ஒப்பந்தத்தின்கீழ் தனிநபர் தரவைக் கையாள்வதற்குப் பொருந்தும், அந்தந்த நேரத்தில் அமலில் உள்ள எல்லாச் சட்டங்களும். அடுத்து, "உட்பட, ஆனால் இவற்றோடு நில்லாமல்" என்று பெயர்ப்பட்டியல். பிறகு, "திருத்தப்பட்ட, மாற்றப்பட்ட, மறுபடி இயற்றப்பட்ட, பதிலாக வந்த". கடைசியாக விதிகள், அறிவிக்கைகள், கட்டுப்படுத்தும் உத்தரவுகள்.

"அமலில் உள்ள" என்று எழுதியதால் 2027 மே வரை புதிய சட்டத்தின் பெரும்பாலான கடமைகள் வராது. இன்றே வேண்டுமென்றால் அந்தக் கடமைகளை, உதாரணமாகக் கசிவை இத்தனை மணி நேரத்துக்குள் தெரிவிப்பதை, ஷரத்தாகவே எழுதிவிடுங்கள்.

"நுண்ணிய தரவு" என்பதற்கு 2011 விதியைக் காட்டுவது

2023 சட்டத்தில் அப்படியொரு தனி வகையே இல்லை. கடவுச்சொல், வங்கி விவரம், மருத்துவப் பதிவு, கைரேகை என்று ஒப்பந்தத்திலேயே பட்டியலிடுங்கள்.

ஐரோப்பிய தரவுப் பாதுகாப்பு விதியை (GDPR) மட்டும் எழுதி பிரிட்டன் வேலைக்கும் கொடுப்பது

ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகியதால் பிரிட்டன் இப்போது தனி. அதன் விதியையும் (UK GDPR) 2018 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் பெயர் சொல்லிச் சேருங்கள்.

2019 தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவைக் குறிப்பிடுவது

2022 ஆகஸ்டிலேயே திரும்பப் பெற்றுவிட்டார்கள். அடித்துவிடுங்கள்.