சேலம் வரும் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு: முதலில் பங்கு, பிறகு மலை

விடுமுறைக்குச் சேலம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஏற்காட்டில் அறை பதிவு செய்துவிட்டுத்தான் மற்றதை யோசிக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளோடு வரும் கத்தோலிக்கக் குடும்பத் தலைவர்களை நான் கேட்டுக்கொள்வது, இந்த வரிசையை மாற்றுங்கள் என்பதுதான். பங்கு அலுவலக வேலையை, அதாவது சான்றிதழ், திருமணம், ஞானஸ்நானம் என்று சொந்த ஊர்க் கோவிலில் பார்க்க வேண்டியதை, முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். பங்குத்தந்தை தியானத்துக்குப் போயிருந்தால் அவர் திரும்பும்வரை உங்கள் விடுமுறை நீளாது.

ஞானஸ்நானச் சான்றிதழ் தேடுவோர் முதலில் ஊரை உறுதி செய்துகொள்ளுங்கள். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தவை. தாத்தா ‘சேலம் ஜில்லா’ என்று சொன்ன ஊர் அங்கே இருக்கலாம். 1930-இல் உருவான சேலம் மறைமாவட்டத்திலிருந்து (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள திருச்சபைப் பகுதி) தருமபுரி மறைமாவட்டம் 1997-இல் பிரிந்தது. எப்படியிருந்தாலும் பதிவேடு அந்தந்தப் பங்கில்தான் இருக்கும். எனவே மறைமாவட்டத்தின் தலைமைக் கோவிலான, அரிசிப்பாளையத்தில் உள்ள குழந்தை இயேசு பேராலயத்துக்கு ஓடுவதற்கு முன் ஊர்க் கோவிலுக்குப் போங்கள். பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், தோராயமான ஆண்டு ஆகியவற்றை எழுதி எடுத்துச் செல்லுங்கள். பழைய பதிவேட்டைப் பொறுமையாகப் புரட்டித் தருகிறவர்களுக்கு அவசரம் காட்டாதீர்கள்.

திருமணம் இங்கே வைப்பதென்றால் இன்னும் முன்யோசனை வேண்டும். வீட்டில் சட்டமிட்டு வைத்திருக்கும் ஞானஸ்நானச் சான்றிதழ் பயன்படாது. ஆறு மாதத்துக்குள் வாங்கிய புதிய பிரதியைத்தான் கேட்பார்கள். மணமாகாதவர் என்பதற்கு நீங்கள் வாழும் நாட்டுப் பங்கிலிருந்து கடிதம் வேண்டும். ஓலை வாசிக்க, அதாவது திருமணத்தைக் கோவிலில் முன்னதாக அறிவிக்க, மூன்று ஞாயிறுகள் ஆகும். டிசம்பர் விடுமுறையில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடுவோர் கவனியுங்கள்: கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய வாரங்களான திருவருகைக் காலத்தில் பல பங்குகளில் திருமணம் வைப்பதில்லை. அதனால் கிறிஸ்து பிறப்பு விழா முடிந்ததும் கோவிலுக்கும் மண்டபத்துக்கும் நெருக்கடி வரும். குழந்தைக்கு இங்கே ஞானஸ்நானம் கொடுப்பதானாலும் சொந்தப் பங்குத்தந்தையின் அனுமதிக் கடிதம் தேவை. ஞானப்பெற்றோராக நிற்பவர் பதினாறு வயது நிறைந்து, உறுதிபூசுதல் என்னும் அருட்சாதனம் பெற்றவராக இருக்க வேண்டும்.

நாள் குறிப்பது உங்கள் கையில் இருந்தால் நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு வாருங்கள். முதல் நாளே கல்லறையைச் சுத்தம் செய்து, சுண்ணாம்பு அடித்து, பூவும் மெழுகுவர்த்தியும் வைப்பார்கள். பணம் கொடுத்து ஆள் வைக்காமல் பிள்ளைகளின் கையில் துடைப்பத்தைக் கொடுங்கள். கொள்ளுத் தாத்தாவின் பெயரை அவர்கள் கல்லில் தடவிப் படிப்பதற்கு ஈடாக எந்தச் சுற்றுலாவையும் நான் சொல்ல மாட்டேன். இறந்தோருக்கான பூசைக் கருத்தை (யாருக்காகத் திருப்பலி என்பதை) முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி 1623-இல் சேலம் வந்தார் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். இந்த மண்ணில் விசுவாசம் நேற்று முளைத்ததல்ல என்று அவர்கள் அறிய வேண்டும்.

கோவிலில் செருப்பை வெளியே விடுவதும், பெண்கள் முக்காடு இடுவதும், பல கிராமங்களில் தரையில் உட்கார்வதும் வழக்கம். கால்சட்டை இறுக்கமாக இருந்தால் முழந்தாளிட முடியாது. பையன்களுக்குத் தளர்வான ஆடை போதும். வெள்ளிக்கிழமை இறைச்சி தவிர்க்கும் குடும்பத்துக்குச் சேலம் வசதியான ஊர். இந்த ஊர்ச் சிற்றுண்டியான தட்டுவடை செட் சைவம்தான். பீட்ரூட், கேரட், சட்னி வைத்துக் கொடுப்பதைப் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள்.

இனி மலை. சென்னையிலிருந்து ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடியலுக்கு முன் சேலம் வந்துவிடலாம். அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக ஏறும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வயிறு நிறையச் சாப்பிட்டு ஏறாதீர்கள். குப்பனூர் வழியாகவும் இறங்கலாம். மே மாதக் கோடை விழாக் கூட்டத்தைவிட, காப்பிப் பழம் சிவக்கும் டிசம்பரே எனக்குப் பிடிக்கும். ஆனால் குளிருக்குச் சுவெட்டர் வேண்டும். மான்ட்ஃபோர்ட் சகோதரர்கள் 1917-இல் தொடங்கிய பள்ளி இங்கேதான் இருக்கிறது.

ஞாயிறு மலையில் கழியுமானால் திரு இருதய ஆண்டவர் கோவிலின் திருப்பலி நேரத்தை முந்தின நாள் மாலையே நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். விடுதியில் காலை உணவு நேரத்தையும் அதற்கேற்ப மாற்றிச் சொல்லிவிடுங்கள்.