மேக்னம் தோட்டா தேவையா? வேட்டைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொலராடோவில் எல்க் மான் வேட்டைக்கான ரைபிள் பருவம் அக்டோபரில் தொடங்கும். அதற்குச் சில வாரங்கள் முன்பே பயிற்சித் திடல்களில் கூட்டம் சேர்ந்துவிடும். அங்கே ஒரு காட்சியைப் பலமுறை பார்த்திருக்கிறேன். புதிதாக வாங்கிய, பலமான தோட்டா போடும் .300 வின்செஸ்டர் மேக்னம் ரைபிள். முதல் மூன்று குண்டுகள் ஓரளவு சேர்ந்து விழும். நான்காவதில் விசையை இழுக்கும் முன்பே கண் மூடிக்கொள்ளும், தோள் முன்னால் போகும், குண்டு அட்டையின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போகும். அதோடு துப்பாக்கியை உறையில் வைத்துவிடுவார்கள். இருபது தோட்டாப் பெட்டியில் மீதி பதினாறும் அப்படியே வேட்டைக்குப் போகும்.

அந்தக் கைகளுக்கு முன்னால் நிற்கப்போகும் விலங்கை நினைத்தால் எனக்கு மனம் பதறுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. இங்கே சொல்வதெல்லாம் உரிமம் பெற்று, பருவம் பார்த்து, இறைச்சிக்காக மான் வேட்டையாடும் வட அமெரிக்க, ஸ்காண்டிநேவிய வழக்கத்தைப் பற்றியது. அந்த நாடுகளில் குடியேறி, முதல் ரைபிள் வாங்க நினைக்கும் தமிழர்களுக்கும் இது உதவும்.

முதலில் அந்தப் பெயர். மேக்னம் என்பது ஒன்றரை லிட்டர் பிடிக்கும் பெரிய மதுப்புட்டியின் பெயர். வழக்கத்தைவிட அதிக வெடிமருந்து பிடிக்கும் தோட்டாக்களுக்குப் பிரிட்டிஷ் துப்பாக்கித் தயாரிப்பாளர்கள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்தின் .375 மேக்னம் 1912இல் வந்தது. அமெரிக்காவில் துப்பாக்கித் தயாரிப்பாளர் ராய் வெதர்பி 1940களில் வேகத்தை ஒரு மதமாகவே பரப்பினார். 1962இல் 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னமும் 1963இல் .300 வின்செஸ்டர் மேக்னமும் வந்து சாதாரண வேட்டைக்காரர் கைக்கு அதைக் கொண்டுசேர்த்தன. தோட்டாவின் அடியில் இருக்கும் பட்டையைப் பார்த்து அது கூடுதல் பலத்துக்கானது என்று பலர் நினைக்கிறார்கள். சரிவான தோளுடைய பழைய தோட்டா அறைக்குள் சரியான ஆழத்தில் நிற்பதற்காக வந்த பட்டை அது. பலத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஆற்றல் அட்டவணையை நம்பி வாங்குவது

தோட்டாப் பெட்டியின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்கள் ஆளை மயக்கும். 1906இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட .30-06 தோட்டா, அதன் முனையில் இருக்கும் 180 கிரெய்ன் (சுமார் 11.7 கிராம்) குண்டை வினாடிக்கு 2700 அடி வேகத்தில் அனுப்புகிறது. குழல்வாயில் ஆற்றல் ஏறத்தாழ 2900 அடி-பவுண்டு. அதே எடைக் குண்டை .300 வின்செஸ்டர் மேக்னம் 2960 அடி வேகத்தில் அனுப்புகிறது, ஆற்றல் 3500. அறுநூறு அடி-பவுண்டு கூடுதலாக இருந்தால் மான் அறுநூறு மடங்கு வேகமாகச் சாய்ந்துவிடும் என்பதுபோல விற்பனை மேசையில் பேச்சு நடக்கும்.

குண்டு விலங்கை இடித்துத் தள்ளுவதில்லை. நியூட்டனின் விதிப்படி, துப்பாக்கி நம் தோளைப் பின்னால் தள்ளும் உந்தத்தைவிட அதிக உந்தத்தோடு குண்டு விலங்கைத் தள்ள முடியாது. நம்மையே கீழே தள்ளாத ஒன்று, முந்நூறு கிலோ எடையுள்ள கிடா எல்க்கை எப்படித் தள்ளும்? நுரையீரலிலும் இதயத்திலும் ஓட்டை விழுந்து, ரத்தம் வடிந்து, மூளைக்குப் பிராணவாயு போகாமல் நிற்பதால்தான் விலங்கு விழுகிறது. நெஞ்சுக்கூட்டில் சரியாகப் பட்ட எல்க்கூட ஐம்பது, நூறு கஜம் நடந்துவிட்டுத்தான் சாயும். வயிற்றில் பட்டது, எந்த மேக்னமாக இருந்தாலும், மணிக்கணக்கில் துடித்துத்தான் சாகும்.

சட்டம் கேட்பதையும் பாருங்கள். கொலராடோவில் எல்க்கும் அதைவிடப் பெரிய மூஸ் மானும் வேட்டையாட .24 கேலிபர் (குண்டின் விட்டம் 0.24 அங்குலம்), 85 கிரெய்ன் குண்டு, நூறு கஜத்தில் 1000 அடி-பவுண்டு இருந்தால் போதும். சுவீடனில் மூஸ் வேட்டைக்குப் பத்து கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட குண்டு, நூறு மீட்டரில் 2000 ஜூல் வைத்திருக்க வேண்டும். 1894இல் பிறந்த 6.5×55 தோட்டா அதைத் தாண்டிவிடுகிறது. தாத்தா காலத்திலிருந்து சுவீடன்காரர்கள் அதில்தான் மூஸ் சுட்டுக் குளிர்காலத்துக்கு இறைச்சி சேர்க்கிறார்கள்.

தூரக் கணக்கைத் தப்பாகப் போடுவது

"மேக்னம் நேராகப் போகும், தூரத்தில் இருப்பதையும் அடிக்கலாம்" என்பது அடுத்த வாதம். பொய்யில்லை, எவ்வளவு என்பதுதான் கேள்வி. இரண்டு துப்பாக்கிகளையும் 200 கஜத்துக்குச் சரிசெய்து வைத்தால், 300 கஜத்தில் .30-06 குண்டு சுமார் எட்டரை அங்குலம் தாழும். மேக்னம் ஏழு அங்குலம். வித்தியாசம் ஒன்றரை அங்குலம். 400 கஜத்தில் அது நான்கு அங்குலம் அளவுக்குப் போகும். எல்க்கின் நெஞ்சுப்பகுதி ஓர் அடி அகலத்துக்கு இருக்கிறது.

இன்னொரு விதமாகப் பார்க்கலாம். மேக்னம் குண்டு நூறு கஜம் பறந்து முடிக்கும்போது மிச்சமிருக்கும் வேகமும், .30-06 குண்டு குழலைவிட்டு வெளியே வரும் வேகமும் கிட்டத்தட்ட ஒன்றே. அப்படியானால் மேக்னம் விலைகொடுத்து வாங்கித் தருவது நூறு கஜம். அந்த நூறு கஜத்தைக் காற்றின் திசை பார்த்து, புதர் மறைவில் குனிந்து நடந்தும் வாங்கலாம். அப்படி நடப்பதுதான் வேட்டை என்று நான் நினைக்கிறேன்.

தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்ட காலத்தில் நேராகப் போகும் குண்டு பெரிய உதவி. 250 என்று நினைத்தது 330 ஆக இருந்தால், குறைவாகத் தாழும் குண்டு அந்தத் தவற்றை மன்னித்தது. இன்று லேசர் தூரமானி எல்லார் பையிலும் இருக்கிறது. மேக்னத்தின் பாதி நியாயம் அந்தச் சிறு கருவியோடு போய்விட்டது.

உதையைப் பொருட்படுத்தாமல் இருப்பது

சுடும்போது துப்பாக்கி தோளைப் பின்னால் இடிப்பதுதான் உதை. எல்லாவற்றிலும் கேடு விளைவிப்பது இதுதான். .30-06 தோட்டாவில் 55, 58 கிரெய்ன் மருந்து இருக்கும். .300 மேக்னத்தில் 70க்கு மேல். சுமார் முப்பது விழுக்காடு கூடுதல் மருந்தை எரித்துப் பத்து விழுக்காடுகூட வேகம் ஏறவில்லை. ஆனால் எரிந்த மருந்தெல்லாம் உதையில் சேர்ந்துகொள்கிறது. எட்டு பவுண்டு எடையுள்ள ரைபிளில் .30-06 சுமார் 20 அடி-பவுண்டு உதைக்கும், .300 மேக்னம் 27ஐத் தொடும். 6.5×55 அதே எடையில் 12 அளவில் நின்றுவிடும்.

"எனக்கு உதையெல்லாம் தெரியாது" என்று மார்தட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். உதை வீரத்துக்கான சோதனை இல்லை. அடி வாங்கப்போகிறோம் என்று தெரிந்ததும் உடம்பு தானாகச் சுருங்கும். நாம் சொன்னால் கேட்காது. கண் இமைக்கிறது, கை விசையை மெல்ல அழுத்தாமல் வெடுக்கென்று இழுக்கிறது, குழல் கீழே குனிகிறது. வெடிச்சத்தமும் உதையும் அந்த அசைவை மறைத்துவிடுவதால், சுடுபவருக்கே தான் செய்தது தெரிவதில்லை. குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பைக் குறைசொல்லி, தோட்டாவைக் குறைசொல்லி, மறுபடி கடைக்குப் போகிறார்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நண்பரிடம் துப்பாக்கியைக் கொடுத்து, நீங்கள் பார்க்காதபடி சில முறை நிஜத் தோட்டாவும் சில முறை மருந்தில்லாத போலித் தோட்டாவும் போட்டுத் தரச் சொல்லுங்கள். போலித் தோட்டாவில் விசை 'டிக்' என்று விழும்போது குழல் துள்ளினால், அந்தத் துள்ளல் முழுவதும் உங்களுடையது. .308, 6.5 போன்ற உதை குறைந்த தோட்டாக்களுக்கு இறங்கி ஓர் ஆண்டு சுட்டவர்கள் அதிலிருந்து மீள்வதைப் பார்த்திருக்கிறேன். மேக்னத்திலேயே பிடிவாதமாக நின்று மீண்டவர்கள் குறைவு.

அலாஸ்காவில் பழுப்புக் கரடி உண்டு, மூஸ் உண்டு. மேக்னம் வேண்டும் என்று சொல்ல எல்லாக் காரணமும் உள்ள இடம். அந்த மாநிலத்தின் மீன், வேட்டை விலங்குத் துறையே வேட்டைக்காரர்களுக்குச் சொல்லும் அறிவுரை வேறு: அளவுபார்க்க நாலு தடவை மட்டும் சுட்ட பளபளப்பான மேக்னத்தோடு வருபவரைவிட, நன்றாகச் சுடத் தெரிந்த .270 அல்லது .30-06 உடன் வருபவரைத்தான் அனுபவமுள்ள வழிகாட்டிகள் விரும்புகிறார்கள். அதிக உதையும் சத்தமும் இருந்தால் பயிற்சிக்கே மனம் வராது என்பதையும் அதே துறை சொல்கிறது.

குண்டை மறந்து தோட்டாவைப் பார்ப்பது

1946இல் ஜான் நாஸ்லர் என்பவர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மூஸைச் சுட்டார். கையில் .300 ஹாலண்ட் மேக்னம். உடம்பெல்லாம் சேறு காய்ந்து அப்பியிருந்த விலங்கு. திரும்பத் திரும்பச் சுட்டும் விழவில்லை. குண்டுகள் உள்ளே இறங்காமல் மேலேயே சிதறிவிட்டன. மருந்து குறைவில்லை, வேகம் குறைவில்லை. வேகம்தான் மென்மையான குண்டை உடைத்தது. நாஸ்லர் வீடு திரும்பி, நடுவில் செம்புச் சுவர் வைத்த ஒரு குண்டை உருவாக்கினார். முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் உள்ளே போகும். 1948இல் அதை விற்கத் தொடங்கினார். 'பார்ட்டிஷன்' என்ற பெயரில் இன்றும் கிடைக்கிறது.

ஒரு மேக்னத்தின் தோல்வியிலிருந்துதான் நல்ல குண்டே பிறந்தது என்பதை அதிகம்பேர் நினைத்துப்பார்ப்பதில்லை. அந்தக் குண்டை .30-06இல் போட்டால் அதுவே எல்க்குக்குப் போதும். மலிவான மென்குண்டை மேக்னத்தில் போட்டு ஐம்பது கஜத்தில் தோளெலும்பில் அடித்தால், நாஸ்லருக்கு நடந்ததே நடக்கும். இறைச்சியும் ரத்தக்கட்டாகிப் பாழாகும். ஈயக் குண்டு வேகமாகச் சிதறும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் இறைச்சிக்குள் போகின்றன. மான் குடலைத் தின்ற காண்டர் கழுகுகள் ஈய நஞ்சால் செத்ததால்தான் கலிபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டுகளை முழுவதும் தடைசெய்தது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. டபிள்யூ. டி. எம். பெல் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றார். பெரும்பாலும் சிறிய 7×57 மவுசர் தோட்டாவால். அதைக் காட்டி "எந்தத் தோட்டாவும் போதும்" என்பார்கள். அவர் யானை மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை இருக்கும் இடத்தை மனப்பாடம் செய்தவர், விரியாத கெட்டிக் குண்டு பயன்படுத்தியவர், விசையில் அபூர்வமான கை. அந்தத் தந்தப் படுகொலையைப் பெருமையாகப் பேச எனக்கு மனமில்லை. அதைப் பொது விதியாக்குவதும் தப்பு. ஆப்பிரிக்காவின் பல நாடுகள் ஆபத்தான விலங்குகளுக்கு .375ஐக் குறைந்த அளவாக வைத்திருப்பதில் நியாயம் இருக்கிறது.

மேக்னத்துக்கு உரிய இடம் அதுதான்: பெரிய கரடி, காட்டெருமை; அல்லது வயோமிங் போன்ற திறந்த வெளியில் 400 கஜத்துக்கு அப்பாலும் ஆண்டு முழுக்கப் பயிற்சி செய்து சுடுபவர். காற்றில் குண்டு விலகுவதும் அங்கே குறையும். வெள்ளைவால் மானைக் காட்டுக்குள் எண்பது கஜத்தில் சுடுபவருக்கு 1895இன் .30-30 இன்றும் போதும்.

ஏற்கெனவே மேக்னம் வாங்கிவிட்டவர் விற்றாக வேண்டும் என்றில்லை. தூக்க எளிதாக இருக்கும் என்று குழலை மட்டும் குட்டையாக்காதீர்கள். கூடுதல் மருந்தின் பயன் போய்ச் சத்தமும் நெருப்பும்தான் மிஞ்சும். குழல்வாயில் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் பிரேக் மாட்டினால் உதை நன்றாகக் குறையும், ஆனால் சத்தம் பக்கவாட்டில் திரும்பி வரும். சாதாரண ரைபிள் வெடியே 160 டெசிபலுக்கு மேல். 140லேயே காது நிரந்தரமாகக் கெடலாம். காதடைப்பான் உங்களுக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் வேண்டும். ஸ்கோப்பைக் கண்ணிலிருந்து தள்ளிப் பொருத்துங்கள், இல்லாவிட்டால் புருவம் கிழியும்.

பிறகு எட்டு அங்குலக் காகிதத் தட்டுகள் சில வாங்கிக்கொண்டு திடலுக்குப் போங்கள். மேசையும் மணல்மூட்டையும் வேண்டாம். காட்டில் சுடுவதுபோல உட்கார்ந்து, மண்டியிட்டு, ஒரு கோலில் தாங்கிச் சுடுங்கள். நூறு கஜத்தில் ஐந்துக்கு ஐந்தும் தட்டில் பட்டால் நூற்றைம்பதுக்கு நகர்த்துங்கள். ஐந்தில் ஒன்று வெளியே போகும் தூரம் வந்ததும், அதற்கு முந்தைய எண்ணைத் துப்பாக்கிக் கட்டையில் ஒரு துண்டு டேப் ஒட்டி எழுதிவையுங்கள். அக்டோபரில் அதற்கு அப்பால் எல்க் நின்றால், விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டு நடக்கத் தொடங்குங்கள்.