பூட்டு (லாக்) ஃபைலை ஏன் அழிக்கக் கூடாது? லினக்ஸில் எஃப்லாக் பழகலாம்

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும்படி ஒரு பேக்கப் ஸ்கிரிப்டை, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் போட்டிருந்தேன். பல மாதம் ஒழுங்காக ஓடியது. டேட்டா பெருகப் பெருக, ஒரு ஓட்டம் முடிவதற்குள் அடுத்தது கிளம்பிவிட்டது. பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டிவைக்கும் ஒரே டார் ஃபைலில் இரண்டும் எழுதின. பேக்கப் தேவைப்பட்ட அன்று பிரித்துப் பார்த்தால் ஃபைல் கெட்டுப்போயிருந்தது. ஃபைலைப் பூட்டும் எஃப்லாக் என்ற ஒரே கட்டளை அதைத் தடுத்திருக்கும். பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் அது ஏற்கெனவே இருக்கிறது.

கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் தருகிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். 'சாவி' என்ற ஃபைல் பெயர் மட்டும் தமிழிலேயே இருக்கட்டும், லினக்ஸ் ஏற்றுக்கொள்ளும். ஒரே ஃபோல்டரில் இரண்டு டெர்மினல்களைத் திறந்துகொள்ளுங்கள்.

படி 1. முதல் டெர்மினலில்:

எஃப்லாக் சாவி ஸ்லீப் 600

சாவி என்ற ஃபைல் இல்லாவிட்டால் எஃப்லாக்கே உருவாக்கும், பூட்டும், பிறகு 600 வினாடி சும்மா காத்திருக்கும் ஸ்லீப்பை ஓட்டும். பத்து நிமிடம் பூட்டு நம் கையில்.

படி 2. இரண்டாவது டெர்மினலில்:

எஃப்லாக் -என் சாவி எக்கோ கிடைத்தது

எதுவும் அச்சாகாது. '-என்' என்றால் "காத்திருக்காதே, பூட்டியிருந்தால் திரும்பிவிடு". உடனே 'எக்கோ $?' கொடுங்கள், முந்தைய கட்டளையின் முடிவு எண்ணாக 1 என்று வரும், அதாவது பூட்டு கிடைக்கவில்லை. '-என்' இல்லாமல் கொடுத்தால் பூட்டு திறக்கும்வரை காத்து நிற்கும்.

படி 3. இப்போது பூட்டிய அதே ஃபைலில் 'எக்கோ வணக்கம் >> சாவி' என்று எழுதிப் பாருங்கள். தடையே இல்லை! இந்தப் பூட்டு, கேட்டு நடப்பவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். எல்லா ஸ்கிரிப்டும் எஃப்லாக் வழியாக வந்தால்தான் பலன்.

படி 4. 'எல்எஸ் -ஐ சாவி' கொடுங்கள். பெயருக்கு முன்னால் ஒரு எண் வரும், அதுதான் ஐநோட் எண், ஃபைலின் உள் அடையாள எண். அதைக் குறித்துக்கொண்டு 'கேட் /ப்ராக்/லாக்ஸ்' கொடுங்கள். லினக்ஸின் மையமான கெர்னல் வைத்திருக்கும் பூட்டுப் பட்டியல் அது. அதில் சாவி என்ற பெயர் எங்கும் இருக்காது. நீங்கள் குறித்த எண் இருக்கும். பூட்டு விழுந்தது அந்த எண்ணுக்குரிய ஃபைல் மேல். பெயர் அதைத் தேடிப்போக ஒரு விலாசம், அவ்வளவுதான்.

படி 5. இதைத்தான் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும். முதல் டெர்மினல் ஓடிக்கொண்டிருக்கும்போதே 'ஆர்எம் சாவி' என்று அழித்துவிட்டு, படி 2-ஐத் திரும்பச் செய்யுங்கள். "கிடைத்தது" என்று வரும். முதல் பூட்டு இன்னும் திறக்கவில்லை, ஆனாலும் இரண்டாவது ஆள் உள்ளே வந்துவிட்டார். 'எல்எஸ் -ஐ' பாருங்கள், எண் வேறு. பெயர் அதேதான், ஃபைல் புதிது.

"வேலை முடிந்தது, லாக் ஃபைலைத் துடைத்துவிடலாம்" என்று ஸ்கிரிப்டின் கடைசி வரியில் ஆர்எம் போடுகிறவர்கள் நிறைய. தயவுசெய்து போடாதீர்கள். ஃபைல் கிடந்தால் கிடக்கட்டும். அதைத் திறந்து வைத்திருந்த ப்ராசஸ்கள் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள்) எல்லாம் முடிந்ததும், நடுவில் செத்தாலும்கூட, கெர்னலே பூட்டை எடுத்துவிடும். "ஃபைல் இருக்கிறதா?" என்று மட்டும் பார்க்கும் பழைய முறையில் இந்த வசதி கிடையாது, ஸ்கிரிப்ட் பாதியில் நின்றால் ஃபைல் அப்படியே கிடந்து அடுத்த ஓட்டத்தையும் முடக்கும்.

படி 6. சரி, நிஜ வேலைக்கு வருவோம். கிரான் வரியில் எஃப்லாக்கைச் சேர்த்தாலே ஓடும். ஆனால் யாராவது அதே ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டினால் பூட்டைத் தாண்டிவிடுவார்கள். அதனால் ஸ்கிரிப்டின் தலையிலேயே இந்த இரண்டு வரியை வையுங்கள்:

எக்ஸெக் 9>/ரன்/லாக்/சாவி
எஃப்லாக் -என் 9 || எக்ஸிட் 1

9 என்பது அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் கைப்பிடி எண். பூட்டு கிடைக்காவிட்டால் இரண்டாவது வரி ஸ்கிரிப்டை அங்கேயே நிறுத்திவிடும். ஸ்கிரிப்ட் முடியும்வரை அது திறந்தே இருக்கும், பூட்டும் இருக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஸ்கிரிப்ட் பின்னணியில் எதையாவது ஓடவிட்டுப் போனால், அந்தப் ப்ராசஸும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருக்கும். அது முடிந்தால்தான் பூட்டு திறக்கும்.