கணுக்கால் சுளுக்கு: வலி போன பிறகும் விடக்கூடாத பயிற்சிகள், படிப்படியாக

கால் பிசகும்போது பாதம் பெரும்பாலும் உள்பக்கமாக மடங்கும். வெளிப்பக்கக் கணுக்கால் எலும்புக்கு முன்னும் கீழும் உள்ள லிகமென்ட் (எலும்புகளை இணைக்கும் நார்) அப்போது இழுபடும், சில சமயம் கிழியும். வலி ஒன்றிரண்டு வாரத்தில் தணிந்துவிடலாம். லிகமென்ட் பழைய உறுதியைப் பெற மாதக்கணக்கில் ஆகும். வலி போனதும் பயிற்சியை நிறுத்துவதால்தான் பலருக்கு அதே கால் மறுபடி மடங்குகிறது.

தொடங்கும் முன்: எலும்பு முறிவா?

1992-இல் கனடாவில் வகுத்த ஒட்டாவா விதிகள் இதற்கு உதவும். அடிபட்ட உடனேயும் சரி, இப்போதும் சரி, நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லையா? கணுக்காலின் இருபக்க எலும்பு முண்டுகளில் எதையாவது, கீழ் நுனியிலிருந்து 6 செ.மீ. உயரம் வரை, பின்விளிம்பில் அழுத்தினால் வலிக்கிறதா? சுண்டுவிரலுக்கு நேராகப் பாத விளிம்பின் நடுவில் துருத்தும் எலும்போ, உள்வளைவின் மேலே உள்ள எலும்போ தொட்டால் வலிக்கிறதா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் முதலில் எக்ஸ்ரே. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் இந்தச் சோதனையை நம்பாமல் மருத்துவரிடம் போக வேண்டும். பாதம் குளிர்ந்து நீலம் பாய்ந்தால் அவசரச் சிகிச்சை தேவை.

படி 1: முதல் இரண்டு மூன்று நாள்

ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள். அடுத்த முறைக்கு இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ஐஸ் வலியைக் குறைக்கும், அவ்வளவுதான். புண்பட்ட இடத்தை அது சீக்கிரம் ஆற்றிவிடாது. 10 செ.மீ. அகல கிரேப் பேண்டேஜை விரல்களின் அடியிலிருந்து தொடங்கி, முந்தைய சுற்றில் பாதி மூடும்படி, எட்டு வடிவில் கணுக்காலுக்கு மேல் வரை சுற்றுங்கள். குதிகாலைத் திறந்து விட்டால் வீக்கம் அங்கே சேரும். விரல் மரத்தாலோ நிறம் மாறினாலோ அவிழ்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். படுக்கும்போது பாதம் நெஞ்சுக்கு மேல் உயரத்தில் இருக்கட்டும். சூடும், அழுத்தித் தேய்ப்பதும் இந்த நாள்களில் வீக்கத்தைக் கூட்டும்.

முழு ஓய்வும் வேண்டாம். தாங்கும் அளவுக்குக் காலை ஊன்றி நடங்கள். ஊன்றுகோலை நல்ல கால் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். அடிபட்ட பக்கம் பிடித்தால் உடல் அந்தப் பக்கமே சாய்ந்து சுமை கூடும்.

படி 2: அசைவை மீட்பது

இரண்டாம் மூன்றாம் நாளில் பாதத்தை மேலும் கீழும் மட்டும் 20 முறை அசையுங்கள். அது எளிதானதும் கட்டைவிரல் நுனியால் காற்றில் அ முதல் ஔ வரை எழுதுங்கள். முழங்கால் ஆடினால் வேலை செய்வது கணுக்கால் இல்லை. பிறகு காலை நீட்டி உட்கார்ந்து, முன்பாதத்தில் துண்டை மாட்டி உங்களை நோக்கி இழுத்து 30 விநாடி பிடியுங்கள், மூன்று முறை.

எல்லாப் படிக்கும் ஒரே அளவுகோல்: 10-க்கு 3 வரை வலி பரவாயில்லை. மறுநாள் காலையில் வீக்கம் கூடியிருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். அடியோடு நிறுத்த வேண்டாம்.

படி 3: பலம்

கெண்டைக்காலின் வெளிப்பக்கத் தசைகள்தான் பாதம் உள்ளே மடங்காமல் தடுக்கும் பிரேக். முதலில் பாதத்தின் வெளிவிளிம்பைச் சுவரில் அழுத்தி 5 விநாடி பிடியுங்கள், 10 முறை. வலி இல்லையென்றால் ரெசிஸ்டன்ஸ் பேண்டின் (இழுத்தால் நீளும் ரப்பர் பட்டை) ஒரு முனையை, நல்ல கால் இருக்கும் பக்கமாக, மேசைக் காலில் கட்டி மறுமுனையை முன்பாதத்தில் மாட்டுங்கள். வெளியே தள்ள 2 விநாடி, திரும்பி வர 4 விநாடி. 10 முறை வீதம் 3 சுற்று. காலே இடுப்பிலிருந்து சுழன்றால் பலனில்லை, முழங்காலைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, சுவரைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கி இறக்குவது: இரு காலிலும் 15 முறை, 3 சுற்று. அது சுலபமானதும் ஒற்றைக் காலில். எடை கட்டைவிரல் பக்கம் இருக்க வேண்டும். சுண்டுவிரல் பக்கம் சாய்ந்தால் மறுபடி மடங்கும்.

படி 4: சமநிலை

பெரும்பாலோர் தவறவிடுவது இதைத்தான். பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் லிகமென்டிலும் உண்டு. காயத்துக்குப் பிறகு அந்தச் செய்தி மங்கிவிடுவதால், மேடு பள்ளத்தில் தசை சுதாரிக்கத் தாமதமாகிறது.

சுவர் அருகே ஒற்றைக் காலில் 30 விநாடி நில்லுங்கள், மூன்று முறை. ஆடாமல் நிற்க முடிந்தால் கண்ணை மூடி. அதுவும் கைவந்தால் கண்ணைத் திறந்து, மடித்த போர்வை மேல். இரண்டையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள். பாதம் லேசாக நடுங்குவதுதான் பயிற்சி. துள்ளித் துள்ளிச் சமாளிக்கிறீர்கள் என்றால் ஒரு நிலை இறங்குங்கள். வலி போன பிறகும் தினம் 10 நிமிடம், குறைந்தது ஆறு வாரம்.

படி 5: ஓட்டம்

அரைமணி வேக நடை வலிக்கக் கூடாது; ஒற்றைக் குதிகால் தூக்கல் மற்றக் காலுக்குச் சமமாக வர வேண்டும்; ஒரே காலில் 10 முறை குதிக்க முடிய வேண்டும். பிறகே ஒரு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை என 10 முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். முதலில் நேர்ப்பாதை, பின்பு வளைவுகள். விளையாட்டுக்குத் திரும்புவோர் ஆரம்ப மாதங்களில் கணுக்கால் பிரேஸ் (மூட்டைத் தாங்கும் உறை) போடலாம்.

இரண்டு வாரமாகியும் இயல்பாக நடக்க வரவில்லை, மூட்டு சிக்கிக்கொள்கிறது, பாதத்தை வெளியே திருப்பினால் கணுக்காலுக்கு மேலே முன்பக்கம் வலிக்கிறது என்றால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். கடைசியில் சொன்ன வலி வேறொரு லிகமென்டின் காயமாக இருக்கலாம். அது ஆற இன்னும் அதிக நாள் பிடிக்கும், மேலே சொன்ன வேகம் அதற்குப் பொருந்தாது.