வடசென்னைலேந்து மேடு பள்ளம் தேடி ரெண்டு நாள் சைக்கிள் டூர்: காத்த பாத்து ரூட் போடறது எப்டி

நம்ம ஏரியா மாதிரி சப்பையான ஊர் எங்கயும் கிடையாது. ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி எங்க சுத்தினாலும் மேடுனா அது மேம்பாலம் தான், மூலக்கடை பாலம் ஏறி இறங்கிட்டா அன்னிக்கு ஹில் ட்ரெயினிங் முடிஞ்சுது. அதனால டூரிங்னு பேச்சு எடுத்தாலே ஈசிஆர் போலாம், இல்லனா கார் மேல சைக்கிள கட்டிட்டு ஏலகிரி போலாம்னு ஆரம்பிச்சுடறாங்க. ரெண்டும் வேணாம். வீட்டு வாசல்லேந்தே மிதிச்சு வடமேற்கா செங்குன்றம் தாண்டி பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, பூண்டினு ஒரு சுத்து சுத்தினா மெதுவா ஏறி மெதுவா இறங்குற ரோடு, முள்ளுக்காடு, ஆடு மாடு மேயுற கரம்பு, தூரத்துல மலைன்னு எல்லாம் கிடைக்குது. பெரிய ஏத்தம் எதுவும் இல்ல, கொண்டை ஊசி வளைவெல்லாம் எதிர்பாக்காதீங்க. ஆனா தட்டையா ஓட்டியே பழகின காலுக்கு இது நல்லா வேலை வைக்கும்.

முதல்ல காத்து. ரூட் போடறப்ப எல்லாரும் கிலோமீட்டர தான் பாக்கறாங்க, காத்த பாக்கறதே இல்ல. இங்கிலாந்துல 'சீ டு சீ'னு ஒரு சைக்கிள் ரூட் இருக்கு, மேற்கு கரையில வொயிட்ஹேவன்ல ஆரம்பிச்சு பென்னைன் மலைமேட்டு பொட்டல் புல்வெளி எல்லாம் தாண்டி கிழக்கு கரையில டைன்மவுத்லயோ சண்டர்லேண்ட்லயோ முடியும், கிட்டத்தட்ட 220 கிலோமீட்டர். அத முக்காவாசி பேர் மேற்குலேந்து கிழக்கா தான் ஓட்டுவாங்க, ஏன்னா அங்க காத்து பெரும்பாலும் மேற்குலேந்து தான். நமக்கு அதவிட வசதி, ஏன்னா நம்ம காத்து ஒரே நாள்ல திரும்பும். மே கடைசிலேந்து ஜூலை வரைக்கும் காலையில மேற்கு காத்து கொதிக்க கொதிக்க வரும், மத்தியானத்துக்கு மேல கடல் காத்து உள்ள ஏறும். இப்ப யோசிங்க, ஞாயித்துக்கிழமை விடியகாலை கிளம்பி மேற்கா போறவனுக்கு போறப்பவும் எதிர்காத்து, மத்தியானம் திரும்பி வர்றப்பவும் எதிர்காத்து. ஒரே நாள்ல போயிட்டு வர்றவங்க எல்லாம் செத்து சுண்ணாம்பா வர்றதுக்கு காரணம் இதான், கால்ல சத்து இல்லாததால இல்ல.

அதனால தலைகீழா பண்ணுங்க. சனிக்கிழமை மத்தியானம் சாப்ட்டுட்டு ஒரு மூணு மணிக்கு கிளம்புங்க, கடல் காத்து முதுகுல தள்ளும், இருட்டறதுக்குள்ள பெரியபாளையம். ராத்திரி அங்கயே தங்கிட்டு ஞாயித்துக்கிழமை விடியறப்ப ஊத்துக்கோட்டைக்கு மிதிச்சுட்டா எதிர்காத்து கொஞ்ச நேரம் தான், அதுவும் உடம்பு ஃப்ரெஷ்ஷா இருக்கறப்பவே முடிஞ்சுடும். அங்கேந்து தெற்கா பூண்டி, அப்புறம் கிழக்கா வீடு, கடல் காத்து ஏறதுக்கு முன்னாடி வந்துடணும். ஒரு விஷயம், ஜூலையில சாயந்திரம் மேற்கால கருக்க ஆரம்பிச்சா இடி மழை வரப்போவுதுனு அர்த்தம், வெட்டவெளில சைக்கிள்ல இருக்காம எதாவது கட்டடத்துக்குள்ள ஒதுங்கிடுங்க.

வெயில் ஆகாதுனா ஜனவரி, பிப்ரவரி. அப்ப வடகிழக்கு காத்து, பெரிய தொல்லை இல்ல, ஏரியெல்லாம் தண்ணியா இருக்கும், பச்சையா இருக்கும். அக்டோபர்லேந்து டிசம்பர் வரைக்கும் வேணவே வேணாம், ஆரணி ஆறும் கொசஸ்தலை ஆறும் எப்ப தரைப்பாலத்து மேல ஏறும்னு சொல்ல முடியாது, ஆந்திராவுல இருக்கற பிச்சாட்டூர் அணைய திறந்தா இங்க மழையே இல்லனாலும் தண்ணி வரும். ஆடி மாச ஞாயித்துக்கிழமையும் வேணாம். பெரியபாளையத்தம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்ட நம்ம பேட்டையிலேந்தே வேன் வேனா கிளம்பும், ஆடி முடிஞ்சும் சில வாரம் அந்த கூட்டம் இருக்கும், ரூமும் கிடைக்காது. மத்த நாள்ல கோயிலுக்கு வர்றவங்களுக்கான ரூம்ங்க இருக்கு, முன்னாடியே போன் பண்ணி சைக்கிள உள்ள வெக்க விடுவாங்களானு கேட்டுக்கோங்க, அது ரூம் வாடகையவிட முக்கியம்.

ரூட்டு. பெரம்பூர், வியாசர்பாடி ஆளுங்க மூலக்கடை, மாதவரம், புழல் வழியா ஜிஎன்டி ரோட்ட, அதான் கொல்கத்தா ஹைவேய பிடிக்கலாம், கன்டெய்னர் லாரி இருக்கும், ஆனா அகலமான ரோடு. திருவொத்தியூர், எண்ணூர் ஆளுங்க மேப் சொல்லுதேனு மணலி, மீஞ்சூர் பக்கம் சுத்தாதீங்க, அங்க ட்ரெய்லருங்க வரிசை கட்டி நிக்கும், நடுவுல சைக்கிள் போறது டிரைவர் கண்ணுக்கே தெரியாது. கொஞ்சம் சுத்தா இருந்தாலும் மாதவரம் வந்துடுங்க. செங்குன்றத்துக்கு அப்புறம் முடிஞ்ச வரைக்கும் சர்வீஸ் ரோடு. சோழவரம் தாண்டறப்ப பழைய ஆளுங்க யாராச்சும் கூட இருந்தா ரேஸ் கதை ஆரம்பிப்பாங்க, உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்துல தான் அந்த கார் ரேஸ், பைக் ரேஸ் எல்லாம் நடந்துச்சு, கேட்டுக்கிட்டே மிதிங்க. காரனோடை பாலம், அப்புறம் ஜனப்பஞ்சத்திரம் கூட்ரோட்ல இடது. அந்த ஒரு திருப்பத்துல ஹைவே சத்தம் எல்லாம் பின்னாடி போயிடும். கன்னிகைப்பேர், மஞ்சங்காரணை, பெரியபாளையம். நம்ம ஏரியாலேந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர்.

சைக்கிளுக்கு பெரிய செலவு வேணாம். கியர் இருந்தா போதும், பின்னாடி பெரிய பல்சக்கரம் 32 பல்லோ அதுக்கு மேலயோ இருந்தா மூட்டையோட ஏறலாம். டயர் 35 எம்எம்க்கு குறையாம போடுங்க, கல்லு போல இறுக்கி காத்து அடிக்காதீங்க, 50 பிஎஸ்ஐ தாராளம். ஃபேன்ஸி சைக்கிள்ல வர்ற மெலிசு வால்வு வெச்சிருக்கறவங்க அந்த குட்டி பித்தளை அடாப்டர் ஒண்ணு கீ செயின்ல மாட்டிக்கோங்க, வழியில பஞ்சர் கடையெல்லாம் பைக்குக்கும் லாரிக்கும் தான், அடாப்டர் இல்லனா கடைக்காரர் வால்வ பாப்பார், உங்கள பாப்பார், அவ்ளோதான். லாரிக்கு வெச்சிருக்கற ஹோஸ அவரே அழுத்தினா ஒரு நொடில ட்யூப் வெடிக்கும், அதனால கெஞ்சியாவது நீங்களே வாங்கி விட்டு விட்டு அடிங்க. பை கட்ட தனி ஸ்ட்ராப் எதுவும் வாங்காதீங்க, அதே கடையில பழைய ட்யூப்ப நீட்டமா கிழிச்சு தருவாங்க, கேரியர்ல அது பிடிக்கற பிடி வேற எதுவும் பிடிக்காது. சாமான் எல்லாம் பின்னாடி கேரியர்ல, முதுகுல ஒண்ணும் வேணாம். முந்தின ராத்திரி பீச் பக்கம் போயி பர்மா நூடுல்ஸ் அத்தோ ஒரு கட்டு கட்டிட்டு மறுநாள் வயித்த பிடிச்சுட்டு வராதீங்க, திரும்பி வந்து சாப்பிடுங்க.

ஞாயித்துக்கிழமை தான் நிஜமான ஓட்டம். ஊத்துக்கோட்டைல இட்லி சாப்ட்டுட்டு, மனசு வந்தா ஆந்திரா பார்டர் தாண்டி சுருட்டப்பள்ளி வரைக்கும் போயி படுத்திருக்கற சிவன பாத்துட்டு வரலாம், பிரதோஷமா இருந்தா கூட்டம். ஆந்திராவோட கண்டலேறு அணைலேந்து வர்ற கிருஷ்ணா தண்ணி கால்வாயும் இங்க தான் தமிழ்நாட்டுக்குள்ள நுழையுது. பாக்க ஆசையா இருக்கும், கரைல நின்னு பாருங்க, மூஞ்சி கழுவ மட்டும் இறங்காதீங்க, பக்கமெல்லாம் சரிவான சிமெண்ட்டு, பாசி, உள்ள போனா பிடிச்சு ஏற ஒண்ணும் இருக்காது.

ஊத்துக்கோட்டைலேந்து பூண்டி போற ரோட்ல தான் கியர் போடற பழக்கம் வேணும். ஏத்தத்துல நின்னு போனதுக்கு அப்புறம் கியர் குறைச்சா செயின் கரகரனு கத்தும், சில சமயம் கழண்டுடும். ஏத்தம் கண்ணுல பட்டவுடனே, கால் இன்னும் லேசா சுத்தறப்பவே ஒண்ணு ரெண்டு குறைச்சுடுங்க. பக்கத்துல வர்றவன்கூட பேசிட்டே ஏற முடியுதுனா வேகம் சரி, பேச்சு நின்னுடுச்சுனா இன்னும் ஒண்ணு குறைங்க, யாரும் மெடல் தரப்போறதில்ல. இறக்கத்துல வேகத்த விட்டு அடுத்த ஏத்தத்த பாதி வரைக்கும் ஓசில ஏறலாம்னு எல்லாருக்கும் தோணும், தோணறது சரி தான், ஆனா முதல்ல பள்ளத்தோட அடி தெரியணும். அங்க தான் ஓடை குறுக்க போற சின்ன பாலம் இருக்கும், மழைத்தண்ணி அடிச்சுட்டு வந்த மணலும் கூழாங்கல்லும் ரோட்டு மேல பரவி கிடக்கும். பிரேக்க அதுக்கு முன்னாடியே பிடிச்சு முடிச்சுடுங்க, மணல் மேல போறப்ப பிரேக்கும் வேணாம், ஹேண்டில் திருப்பறதும் வேணாம், நேரா உருட்டி விடுங்க.

அந்த கூழாங்கல்ல நிறுத்தி ஒண்ணு எடுத்து பாருங்க. உருண்டையா, வழவழனு, உடைஞ்ச பக்கம் மட்டும் கத்தி மாதிரி இருக்கும், குவார்ட்சைட் கல்லு. பக்கத்துல இருக்கற அல்லிகுழி மலையே இந்த மாதிரி உருண்டை கல்லுங்க ஒட்டி இறுகினது தான், அது கரைஞ்சு கரைஞ்சு கீழ வர்றதால தான் இந்த சுத்துவட்டாரம் மேடும் பள்ளமும் செம்மண்ணுமா இருக்கு. இதே கல்ல உடைச்சு தான் அந்த காலத்து மனுசன் ஆயுதம் பண்ணான். வழியில இருக்கற அத்திரம்பாக்கத்துல 1863லயே ராபர்ட் புரூஸ் ஃபூட்ங்கற வெள்ளைக்கார புவியியல் ஆராய்ச்சியாளர் கல் ஆயுதங்கள கண்டுபிடிச்சார், அப்புறம் தொல்லியல் ஆராய்ச்சியாளர் சாந்தி பப்பு குழு தோண்டி ஆராய்ச்சி பண்ணி அங்க கிடைச்சதுல ரொம்ப பழசு ஏறக்குறைய 15 லட்சம் வருசம்னு 2011ல சொன்னாங்க. பூண்டில இதுக்குனே ஒரு அகழ்வைப்பகம், அதான் தோண்டி எடுத்தத வெச்சிருக்கற மியூசியம் இருக்கு. கல்ல பையில போட்டுட்டு வராதீங்க, வெச்சுட்டு வாங்க. அல்லிகுழி, குடியம் குகை பக்கம் சைக்கிள உள்ள விடறதும் வேணாம், அது ரிசர்வ் ஃபாரஸ்ட், அதுவுமில்லாம கருவேல முள்ளு டயர சல்லடை ஆக்கிடும்.

பூண்டி ஏரிக்கரை 1944ல கட்டினது, நிழலுக்கு நல்ல இடம், அங்க உக்காந்து நேரத்த பாருங்க. பத்து மணிக்குள்ள இருந்தா திருவள்ளூர் போயி, செங்குன்றம் ரோட்ட பிடிச்சு தாமரைப்பாக்கம் கூட்ரோடு வழியா வந்துடலாம், காத்து இன்னும் பின்னாடி தான் இருக்கும். ஞாயித்துக்கிழமை மட்டும் மொத்தம் 90லேந்து 100 கிலோமீட்டர் வரும். லேட் ஆயிடுச்சா, வெயில்ல ஓட்டி ஹீரோ ஆகாதீங்க, திருவள்ளூர்ல சாப்ட்டுட்டு எங்கயாச்சும் படுத்து எழுந்து, அஞ்சு மணிக்கு மேல எதிர்காத்துலயே மெதுவா வாங்க. தண்ணி மட்டும் குடிச்சுட்டே இருந்தா பத்தாது, உப்பு போட்ட மோரோ ஓஆர்எஸ்ஸோ நடுநடுவுல உள்ள போகணும்.

வீட்டுக்கு வந்ததும் சைக்கிள சாய்ச்சுட்டு தூங்கிடாதீங்க. செம்மண் தூசு செயின்ல ஒட்டியிருக்கும், அதோட நம்ம கடல் காத்து உப்பும் சேந்தா ரெண்டே நாள்ல செம்பழுப்பா துரு பிடிக்கும். பழைய பனியன் துணில மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டு செயின நல்லா துடைச்சு, காஞ்சதும் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு ஆயில் விட்டு, பெடல பின்னாடி சுத்தி, மேல வழியறத துடைச்சு எடுத்துடுங்க.