அண்ணாச்சி கடை பில்லும் @கிளிக்கும்: வியூ 3-ல் ஃபங்ஷனைக் கட்டும் முறை

தென்காசிப் பக்கம் ஓர் எலக்ட்ரிகல் கடைக்கு பில் போடும் திரை ஒன்று செய்து கொடுத்திருக்கிறேன். முதலில் ஜேகுவெரியில் எழுதினேன், பிறகு வியூ 2, இப்போது வியூ 3; எல்லாமே வலைத்திரை கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் கருவிகள். இந்த மூன்று கட்டத்திலும் என்னை அதிகம் அலையவிட்டது வரிக் கணக்கு இல்லை. 'இந்த பட்டனை அழுத்தினால் இந்த ஃபங்ஷன் ஓடட்டும்' என்று சொல்லும் அந்த ஒற்றை வரிதான்.

ஒரு குறிப்பு. கீழே வரும் நிரல் வரிகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கிளிக், எமிட், என்டர் போன்றவை வியூவும் பிரவுசரும் அறிந்த சொற்கள், அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். ஆனால் சேமி, நீக்கு என்ற ஃபங்ஷன் பெயர்களை அப்படியே தமிழில் வைக்கலாம். ஜாவாஸ்கிரிப்ட் தமிழ்ப் பெயரை ஏற்கும், வியூ டெம்ப்ளேட்டும் (திரையின் டேகுகளை எழுதும் இடம்) ஏற்கும். சொந்த வேலையில் நான் அப்படித்தான் வைக்கிறேன்.

ஜேகுவெரி காலத்தில் பட்டனுக்கு ஓர் ஐடி வைத்து, அதைத் தேடிப் பிடித்து, லிசனரை, அதாவது அழுத்தலைக் கேட்டு ஃபங்ஷனை ஓட்டும் காவலாளை, மாட்டுவேன். விலை மாறினால் பில்லின் வரிகளை அழித்துத் திரும்ப வரைவேன். புதிதாக வந்த வரியில் நீக்கு பட்டன் பார்க்க அழகாக இருக்கும், அழுத்தினால் ஊமை. வியூவில் தேடுவதும் இல்லை, மாட்டுவதும் இல்லை. டேகின் மேலேயே எழுதிவிடுகிறோம்:

<பட்டன் @கிளிக்="சேமி">பில் போடு</பட்டன்>

எத்தனை முறை வரைந்தாலும் லிசனரை மாட்டுவதும் கழற்றுவதும் வியூவின் பாடு. டெம்ப்ளேட்டைப் படித்தாலே எந்த பட்டன் எந்த வேலையைச் செய்கிறது என்று தெரிந்துவிடும். @ என்பது வி-ஆன் என்பதன் சுருக்கம், அவ்வளவுதான்.

சரி, இப்போது அடைப்புக்குறி விஷயம். இதை அவசரப்படாமல் படியுங்கள்.

@கிளிக்="சேமி" என்று வெறும் பெயரைக் கொடுத்தால், வியூ அந்த ஃபங்ஷனை அழைக்கும்போது முதல் ஆர்க்யூமென்ட்டாக, அதாவது ஃபங்ஷனுக்குள் போகும் முதல் மதிப்பாக, ஈவென்ட் ஆப்ஜெக்டை (அழுத்தலைப் பற்றிய விவரங்களின் தொகுப்பு) தானாகவே தள்ளிவிடும். @கிளிக்="சேமி()" என்று எழுதினால் கம்பைலர் அதை ஒரு சின்ன ஃபங்ஷனுக்குள் சுற்றி வைக்கும்; நீங்கள் அடைப்புக்குள் போட்டதுதான் போகும், வேறெதுவும் போகாது. ரியாக்ட் என்ற இன்னொரு கருவியிலிருந்து வருபவர்கள் இந்த இரண்டாவது வடிவத்தைப் பார்த்துப் பதறுவார்கள். அங்கே அடைப்புக்குறி போட்டால் திரை வரையும்போதே ஃபங்ஷன் ஓடிவிடும். வியூவில் அந்தப் பயம் வேண்டாம், அழுத்தினால்தான் ஓடும்.

எனக்கு அடி விழுந்தது முதல் வடிவத்தில். பில்லைப் பாதியில் நிறுத்தி வைக்கும் வசதி வேண்டும் என்று கடைக்காரர் அண்ணாச்சி கேட்டார். இருக்கும் ஃபங்ஷனையே இப்படி நீட்டினேன்:

ஃபங்ஷன் சேமி(வரைவா = ஃபால்ஸ்)

பார்த்தால் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. ஒன்றும் அனுப்பாவிட்டால் ஃபால்ஸ், அதாவது முழு பில். ஆனால் டெம்ப்ளேட்டில் இருந்தது வெறும் பெயர். ஆகவே வரைவா என்ற இடத்தில் ஈவென்ட் ஆப்ஜெக்ட் வந்து உட்கார்ந்தது. எந்த ஆப்ஜெக்டும் உண்மை என்றே கணக்கு, எனவே அன்று போட்ட எல்லா பில்லும் வரைவாகவே சேமிக்கப்பட்டது. ராத்திரி ஒன்பது மணிக்கு போன். "தம்பி, கல்லாவில பணம் இருக்கு, கணக்குல வியாபாரமே இல்லையே." திருத்தம் இரண்டு எழுத்துச் செலவுதான்: @கிளிக்="சேமி()".

அதற்குப் பிறகு நான் வைத்திருக்கும் வழக்கம் இது. ஃபங்ஷனுக்கு ஈவென்ட் வேண்டும் என்றால் மட்டும் வெறும் பெயர். மற்ற எல்லா இடத்திலும் அடைப்புக்குறி. இரண்டும் வேண்டுமென்றால் நீக்கு(வரி.ஐடி, $ஈவென்ட்) என்று $ஈவென்ட்டைக் கையில் எடுத்துக் கொடுக்கலாம். வரிகளை வி-ஃபார் (பட்டியலில் உள்ளதை ஒவ்வொன்றாக வரையும் வியூ வசதி) கொண்டு வரையும்போது ஐடியை அனுப்புங்கள். வரிசை எண்ணை அனுப்பினால், நடுவில் ஒரு வரி போனதும் எண்கள் நகர்ந்துவிடும்.

அடுத்து ஃபார்ம். பட்டனில் கிளிக்கைக் கட்டுவதைவிட ஃபார்மில் சப்மிட்டைக் கட்டுவது நல்லது, என்டர் தட்டினாலும் வேலை நடக்கும்:

<ஃபார்ம் @சப்மிட்.பிரிவென்ட்="சேமி()">

புள்ளிக்குப் பின் வரும் பிரிவென்ட்டை மாடிஃபையர் என்பார்கள். அது இல்லாவிட்டால் பிரவுசர் பக்கத்தையே புதுப்பித்து, போட்ட வரிகளை எல்லாம் துடைத்துவிடும். இதோடு நிறுத்தியிருந்தால் நிம்மதி. அண்ணாச்சி பார்கோடு ஸ்கேனர் வாங்கினார். யூஎஸ்பி ஸ்கேனர் கம்ப்யூட்டருக்கு ஒரு கீபோர்டு மாதிரிதான். எண்ணைத் தட்டிவிட்டுக் கடைசியில் என்டரும் தட்டும். முதல் பல்பை ஸ்கேன் செய்ததுமே ஃபார்ம் சப்மிட் ஆகி, ஒரு பல்புக்குத் தனி பில். அதற்கு இன்புட்டில் இப்படிக் கட்டினேன்:

<இன்புட் @கீடவுன்.என்டர்.பிரிவென்ட்="பொருள்சேர்()">

கவனியுங்கள், கீடவுன். முதலில் கீஅப் என்று எழுதி ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். விரலை எடுக்கும்போது தடுத்து என்ன பயன்? விசை கீழே போகும்போதே ஃபார்ம் கிளம்பிவிடுகிறது.

மாடிஃபையர்களை எழுதும் வரிசைக்கும் அர்த்தம் உண்டு. @கிளிக்.பிரிவென்ட்.செல்ஃப் என்றால் உள்ளே இருக்கும் குழந்தை டேகுகளின் கிளிக்கையும் சேர்த்துத் தடுக்கும். செல்ஃபை முன்னால் போட்டால் அந்த டேகின் மேலேயே விழும் கிளிக்கை மட்டும் தடுக்கும். தினப்படி வேலைக்கு பிரிவென்ட், ஸ்டாப் (கிளிக் மேல் டேகுக்கு ஏறாமல் நிறுத்துவது), என்டர் இந்த மூன்றும் போதும். ஒன்ஸ் என்பதை மட்டும் சேமி பட்டனில் போட்டுவிடாதீர்கள். இரட்டைக் கிளிக்கைத் தடுக்க நான் போட்டேன். பட்டன் திரையில் இருக்கும்வரை ஒரே ஒரு முறைதான் ஓடியது, இரண்டாவது வாடிக்கையாளருக்கு பில்லே விழவில்லை. இரட்டைக் கிளிக்குக்கு மருந்து, சேமிப்பு முடியும்வரை பட்டனை முடக்கி வைக்கும் :டிசேபிள்டு.

இப்போது உங்கள் சொந்த காம்போனென்ட்டோடு கட்டுவது. காம்போனென்ட் என்றால் திரையின் ஒரு தனித் துண்டு; உள்ளே நடந்ததை வெளியே அறிவிக்க அது எமிட் செய்யும். 2023 டிசம்பர் 31-ஓடு வியூ 2-க்கான ஆதரவு முடிந்தது. அதைச் சாக்காக வைத்துத் திரையை 3-க்கு மாற்றினேன். மறுநாளே போன். "தம்பி, பில்லு ரெண்டு ரெண்டா விழுது." அவர் எதையும் இரண்டு முறை அழுத்துகிற ஆள், அதனால் முதலில் அவர் விரலைத்தான் சந்தேகப்பட்டேன். தப்பு என் பேரில். பெரியபட்டன் (டேக் பெயர் என்பதால் இதையும் ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும்) என்று ஒரு காம்போனென்ட் வைத்திருந்தேன். அதற்குள் இருந்தது இவ்வளவுதான்:

<பட்டன் @கிளிக்="$எமிட்('கிளிக்')">

வெளியே பில் திரையில் <பெரியபட்டன் @கிளிக்="சேமி">. (வரைவு வசதி வருவதற்கு முந்தைய கதை இது, அதனால்தான் வெறும் பெயர்.) வியூ 2-ல் காம்போனென்ட்டின் மேல் எழுதிய @கிளிக், எமிட் ஆவதை மட்டும்தான் கேட்கும். வியூ 3-ல், அந்த ஈவென்ட்டை நான் அனுப்புவேன் என்று காம்போனென்ட் முன்கூட்டியே சொல்லாவிட்டால், வெளியே கட்டிய லிசனர் உள்ளே இறங்கி வேர் டேகிலும் (காம்போனென்ட்டின் வெளி டேக்) ஒட்டிக்கொள்ளும். ஆக ஓர் அழுத்தலுக்கு எமிட் வழியாக ஒன்று, நேரடி கிளிக் வழியாக ஒன்று. சேமிக்குள் கன்சோலில் ஆர்க்யூமென்ட்டை அச்சிட்டுப் பார்த்தபோது முதல் முறை அன்டிஃபைன்டு, இரண்டாம் முறை ஈவென்ட் ஆப்ஜெக்ட் என்று வந்தது. அப்போதுதான் கூப்பிடும் ஆட்கள் இரண்டு பேர் என்று உறைத்தது.

தீர்வு, காம்போனென்ட்டின் ஸ்கிரிப்டில் ஒரு வரி:

டிஃபைன்எமிட்ஸ்(['கிளிக்'])

அல்லது உள்ளே இருக்கும் எமிட்டையே தூக்கிவிடலாம், வெளி லிசனர் தானாக இறங்கிப் பட்டனில் உட்காரும். வெறும் அலங்காரப் பட்டனுக்கு நான் இந்த இரண்டாவது வழியைத்தான் எடுப்பேன். உள்ளே உண்மையாகவே ஏதாவது நடந்து முடிந்த பிறகு சொல்ல வேண்டியிருந்தால், கிளிக் என்ற பெயரை விட்டுவிட்டு வேறு பெயர் வைத்து அறிவியுங்கள். இன்னொன்று, எமிட் செய்தது அடுத்த மேல் காம்போனென்ட்டோடு நின்றுவிடும், பிரவுசரின் டாம் ஈவென்ட் மாதிரி மேலே ஏறிப் போகாது. பாட்டிக்குத் தெரிய வேண்டுமானால் நடுவில் அம்மாவும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

திஸ் (ஃபங்ஷன் தன் காம்போனென்ட்டைக் குறிக்கும் சொல்) பற்றிச் சுருக்கமாக. வியூ 3-ன் ஸ்கிரிப்ட் செட்டப் பாணியில் எழுதினால் அந்தத் தலைவலியே இல்லை. பழைய மெத்தட்ஸ் பாணியில் எழுதினால் வியூவே திஸ்ஸைக் கட்டித் தரும், ஆனால் அங்கே அம்புக்குறி ஃபங்ஷன் எழுதினால் கட்ட முடியாது.

டெம்ப்ளேட்டில் கட்ட முடியாத ஒன்று உண்டு. எஃப்2 தட்டினால் பிரின்ட் என்பது போன்ற, ஜன்னல் முழுக்கக் கேட்க வேண்டிய விசைகள். அதற்கு ஆன்மவுன்டட்டில் (திரை வந்ததும் ஓடுவது) லிசனரை நீங்களே மாட்டி, ஆன்அன்மவுன்டட்டில் (திரை போனதும் ஓடுவது) நீங்களே கழற்ற வேண்டும். நான் கழற்றாமல் விட்டேன். அண்ணாச்சி ஸ்டாக் திரைக்கு இரண்டு முறை போய்த் திரும்பி வந்து எஃப்2 தட்டினார். மூன்று தாள் வந்தது, அதில் இரண்டு பழைய பில். திரை போனாலும் அதன் ஃபங்ஷன்கள் தங்கள் பழைய வரிகளைப் பிடித்துக்கொண்டு ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தன. மாட்டும் இடத்திலும் கழற்றும் இடத்திலும் ஒரே பெயருள்ள ஃபங்ஷனைக் கொடுங்கள். பெயரில்லாத அம்புக்குறி ஃபங்ஷனை இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி எழுதினாலும் அவை வேறு வேறு ஃபங்ஷன்கள், கழலாது.